சுவர் கட்டினால் போதாது, லாரியையும் நிறுத்துங்கள்

கென்யாவின் மச்சாகோஸ், கிடுய், மகுவேனி மாவட்டங்களில் ஆறு என்பது ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல். மார்ச் முதல் மே வரை நீண்ட மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை குறுமழை. அங்குள்ள கம்பா இன உழவர்கள் அதிகம் நம்புவது குறுமழையைத்தான். 2020 இறுதியிலிருந்து 2022 வரை ஐந்து பருவங்கள் அடுத்தடுத்துப் பொய்த்தன. 2024-ல் பெய்த மழையோ நாடெங்கும் 200-க்கும் மேற்பட்டோரை வெள்ளத்தில் கொன்றது.

இரண்டுக்கும் நடுவே அங்கே கைகொடுப்பது மணல் தடுப்பணை. படுகையில் பாறை தட்டுப்படும் இடத்தில் குறுக்கே ஒரு சுவர். வெள்ளம் அடித்துவரும் பருமணல் சில பருவங்களில் அதன் பின்னால் நிறைந்துவிடும். மணலின் இடைவெளிகளில், மொத்தக் கொள்ளளவில் 25 முதல் 40 சதவீதம்வரை தண்ணீர் தங்கும். வெயில் அவ்வளவு எளிதில் குடித்துவிடாது, கொசுவுக்கும் இடமில்லை. ஊர்க்காரர்களே கல் சுமந்து கட்டுகிறார்கள், பெரும்பாலும் பெண்கள்.

ஆனால் அந்த மணலைத் தலைநகர் நைரோபியின் கட்டடங்களுக்கு லாரிகள் அள்ளிப்போனால் தண்ணீரும் போய்விடும். நான் நைரோபியில் கட்டடக் கணக்குப் பார்த்தவன். மணல் லாரி வந்தால் களிமண் கலந்திருக்கிறதா, லோடு என்ன விலை என்றுதான் கேட்போம். எந்த ஆற்று மணல் என்று ஒப்பந்ததாரரும் கேட்டதில்லை, வீட்டுக்காரரும் கேட்டதில்லை. மகுவேனி 2015-லேயே மணல் பாதுகாப்புச் சட்டம் போட்டது. நல்லதுதான். வாங்குகிற கை தலைநகரில் இருக்கும்போது, விற்கிற ஊரில் மட்டும் காவல் போட்டு என்ன பயன்? நைரோபியின் கட்டட அனுமதியிலேயே மணல் வந்த இடத்துக்கான ரசீதைக் கேட்க வேண்டும். அரசுக் கட்டடங்களாவது எம்-சாண்டுக்கு மாறட்டும்.