கழற்றும் முன் கண்டறிவோம்



சென்ற விடுமுறையில் என் மச்சான் தனது பழைய காரின் கிளச்சை வீட்டு முற்றத்திலேயே திருத்த முற்பட்டார். கராஜ் கூலியை மிச்சப்படுத்தும் எண்ணம். நான் போனபோது கார் ஒரு ஜக்கிலும் இரண்டு சீமெந்துக் கற்களிலும் நின்றது. அவர் அதன் கீழே படுத்திருந்தார்.

“கல்லை நம்பிப் படுத்திருக்கிறீங்களே, வெளிய வாங்க” என்று என் தங்கை மன்றாடினாள். அவர் வந்தார். அயலவரிடம் இரும்பு ஸ்டாண்டுகள் வாங்கி வைத்த பின்பே வேலை தொடர்ந்தது. அந்தியில் கியர்பொக்ஸை இறக்கிப் பார்த்தால் கிளச் பிளேட் நல்ல நிலையில் இருந்தது! வெளிப்புறமிருந்த கிளச் சிலிண்டரில் ஒயில் கசிந்ததே கோளாறு. கியர்பொக்ஸைத் தொடாமலே தீர்த்திருக்கலாம்.

நோயறியாமல் மருந்து கொடுக்கலாமா? குறிகளை அறிந்துகொள்ளுங்கள், காரோட்டும் சகோதரிகளுக்கும் இது உதவும்.

மேடேறும்போது எஞ்சின் இரைச்சல் கூடியும் வேகம் கூடாவிட்டால் கிளச் வழுக்குகிறது. கருகிய வாடையும் வரலாம். பிளேட் தேய்ந்திருக்கலாம், கேபிள் அதிகம் இறுகியிருந்தாலும் இப்படி நேரும்.

பெடலை முழுதாக மிதித்தும் கியர் விழ மறுத்தால், ரிவர்ஸ் போடும்போது கறகறத்தால், கிளச் சரியாக விடுபடவில்லை. முதலில் ஒயில் மட்டத்தையும் கசிவையும் பாருங்கள். கேபிள் உள்ள காரானால் அது தளர்ந்துள்ளதா என்று பாருங்கள்.

பெடலை மிதிக்கும்போது மட்டும் சத்தம் கேட்டால் ரிலீஸ் பெயாரிங்கைச் சந்தேகிக்கலாம். அதை மாற்ற கியர்பொக்ஸை இறக்கத்தான் வேண்டும்.

இறக்குவதானால் முதலில் பெற்றரி வயரைக் கழற்ற வேண்டும். சமதரையில் காரை ஸ்டாண்டுகளில் நிறுத்தி, அசைத்துப் பார்த்தே கீழே செல்ல வேண்டும். ஜக் தூக்குவதற்கு மட்டுமே. கல் பாரத்தில் திடீரென வெடித்துவிடும். எஞ்சினுக்கும் முட்டுக் கொடுக்க வேண்டும். சிறிய காரின் கியர்பொக்ஸே 30 கிலோ அளவு இருக்கும். அதை நெஞ்சில் ஏந்தி இறக்குவது ஆபத்து. அதற்கும் தனி ஜக் தேவை. துணைக்கு ஒருவரும் தேவை.

பழைய கிளச் தூளில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். அதை ஊதவோ பெருக்கவோ வேண்டாம், ஈரத்துணியால் துடைக்கவும். அந்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துக் கழுவாதீர்கள்.

“ஸ்டாண்ட் வைத்தாச்சா?” என்று கேட்கத் தயங்காதீர்கள், சகோதரிகளே. கராஜ் கூலியை நாளை உழைத்துக்கொள்ளலாம்.