மின்சார அணைக்குக் கெடு: நீட்டலாமா, கூடாதா?

அணை இருக்கிறது. தண்ணீரும் இருக்கிறது. ஆனால், மின்சாரம் இல்லை!

அமெரிக்காவில் இப்படிப்பட்ட அணைகள் ஏராளம். அந்த நாட்டில் 90 ஆயிரத்துக்கு மேற்பட்ட அணைகள் இருக்கின்றன. நூற்றுக்கு மூன்று அணைகளில்கூட மின்சாரம் எடுக்கப்படவில்லை. மற்றவை எல்லாம் வெள்ளத்தைத் தடுக்கவும், பாசனத்துக்கும், குடிதண்ணீருக்கும், படகுப் போக்குவரத்துக்கும் கட்டப்பட்டவை.

இந்த அணைகளில் மின்சார எந்திரங்களை வைத்தால் சுமார் 1 கோடியே 20 லட்சம் கிலோவாட் மின்சக்தி கிடைக்கும் என்று அமெரிக்க எரிசக்தி இலாகா 2012-ம் ஆண்டில் கணக்கிட்டுச் சொன்னது.

பிறகு ஏன் தாமதம்? லைசென்சு வாங்கியவர்களில் பலர், கெடுவுக்குள் வேலையைத் தொடங்க முடியவில்லை. "இன்னும் கொஞ்சம் கெடு கொடுங்கள்" என்று கேட்கிறார்கள்.

கொடுக்கலாமா? கூடாதா? அமெரிக்காவில் நூறு ஆண்டுக்கு மேலாக நடந்து வரும் வழக்கு இது.

லைசென்சு எதற்கு?

ஓடுகிற ஆறு தனி ஆளின் சொத்து அல்ல. அது மக்களின் சொத்து. ஆகவே, ஆற்றில் மின்சாரம் எடுக்க விரும்பும் தனியார் கம்பெனியோ, நகரசபையோ சர்க்காரிடம் லைசென்சு வாங்க வேண்டும். இதற்கு 1920-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு சட்டம் செய்யப்பட்டது.

லைசென்சு கொடுக்கும் அதிகாரம் ஒரு கமிஷனிடம் இருக்கிறது. 1977-ம் ஆண்டு முதல் அதற்கு மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை கமிஷன் என்று பெயர்.

லைசென்சு 50 ஆண்டு வரை செல்லும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. லைசென்சு கொடுத்த இரண்டு ஆண்டுக்குள் கட்டிட வேலையைத் தொடங்கிவிட வேண்டும். தொடங்காவிட்டால் லைசென்சு ரத்து!

இவ்வளவு கண்டிப்பு ஏன்?

பஸ்சில் துண்டு போட்டு இடம் பிடிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். அவரும் உட்கார மாட்டார். மற்றவரையும் உட்கார விடமாட்டார். ஆற்றிலும் அப்படி இடம் பிடிக்க முடியும். ஒருவர் லைசென்சு வாங்கி வைத்துக்கொண்டால், அதே இடத்தில் இன்னொருவர் வேலை செய்ய முடியாது. வாங்கியவர் சும்மா இருந்து, நல்ல விலை வரும்போது உரிமையை விற்றுவிடலாம். அதைத் தடுக்கத்தான் கெடு.

கையெழுத்துப் போட மறுத்த ஜனாதிபதி

1908-ம் ஆண்டில் நடந்தது இது. அப்போது தியோடர் ரூஸ்வெல்ட் ஜனாதிபதி.

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் எல்லையாக ரெய்னி என்ற ஆறு ஓடுகிறது. அந்த ஆற்றில் அணை கட்ட ஒரு கம்பெனி உரிமை பெற்றிருந்தது. அதன் கெடுவை நீட்டுவதற்காக ஒரு மசோதா நிறைவேற்றப்பட்டு, ஜனாதிபதியின் கையெழுத்துக்கு வந்தது.

ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். மக்களின் சொத்தை வாங்கி, பயன்படுத்தாமல் முடக்கி வைத்திருக்க யாருக்கும் இடம் கொடுக்கக்கூடாது என்பது அவர் வாதம்.

ஆனால், பாராளுமன்றம் விடவில்லை. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுடன் அதே மசோதாவை மீண்டும் நிறைவேற்றியது. ஜனாதிபதியின் கையெழுத்து இல்லாமலே அது சட்டம் ஆயிற்று! பிறகு அந்த அணையும் கட்டப்பட்டது.

அன்று ஜனாதிபதி தோற்றார். ஆனாலும், அவர் எழுப்பிய கேள்வி நிலைத்துவிட்டது. 12 ஆண்டுக்குப் பிறகு வந்த 1920 சட்டத்தில் கெடு எல்லோருக்கும் பொது விதி ஆயிற்று.

கம்பெனிகள் சொல்லும் குறை

கம்பெனிகளின் பக்கமும் நியாயம் இருக்கிறது.

மனைக்குப் பட்டா வாங்கி, பிளான் அனுமதியும் வாங்கிவிட்டால் வீடு எழும்பிவிடுமா? பணம் வேண்டும். கொத்தனார் வேண்டும். சாமான் வேண்டும். அணையிலும் அப்படித்தான்.

பல அணைகள் அமெரிக்க ராணுவ என்ஜினீயர் படைக்குச் சொந்தமானவை. லைசென்சு கிடைத்த பிறகும், அணையில் கை வைக்க அவர்களிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். அணைக்கு ஆபத்து வராது என்று நிரூபிக்க வேண்டும். மின்சாரத்தை வாங்க ஆள் பிடிக்க வேண்டும். வாங்க ஆள் இருந்தால்தான் பாங்கி கடன் கொடுக்கும். இதற்குள் இரண்டு ஆண்டு ஓடிவிடுகிறது.

அயோவா மாநிலத்தில் ரெட் ராக் என்ற அணை இருக்கிறது. வெள்ளத்தைத் தடுப்பதற்காக 1969-ம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அணை அது. அங்கு மின்சார நிலையம் அமைக்க 2011-ல் லைசென்சு கிடைத்தது. கட்டிட வேலை தொடங்கியது 2014-ல்! இன்று அங்கே மின்சாரம் எடுக்கிறார்கள். இரண்டே ஆண்டு என்று பிடிவாதம் பிடித்திருந்தால் அந்த மின்சாரம் கிடைத்திருக்காது.

இரண்டு, பத்து, பதினாறு!

முன்பு கமிஷன் ஒரே ஒரு முறை, அதுவும் இரண்டு ஆண்டு மட்டுமே கெடுவை நீட்ட முடியும். அதற்கு மேலும் வேண்டும் என்றால் பாராளுமன்றத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு அணைக்கும் தனித்தனிச் சட்டம்!

2018-ம் ஆண்டில் இது மாறியது. புதிய சட்டத்தின்படி, கமிஷனே 8 ஆண்டு வரை கெடுவை நீட்டலாம். முதல் இரண்டு ஆண்டையும் சேர்த்தால் பத்து ஆண்டு.

பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச் 13-ந் தேதி அமெரிக்காவில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. சாமான் வரவில்லை. விலை ஏறியது. அந்தத் தேதிக்கு முன்பு லைசென்சு வாங்கியவர்களுக்கு மேலும் 6 ஆண்டு வரை கெடு கொடுக்க வழி செய்யும் மசோதா 2025-ம் ஆண்டில் பாராளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டது.

இரண்டும் எட்டும் பத்து. அதனுடன் ஆறு சேர்ந்தால் பதினாறு! லைசென்சு கொடுத்த அன்று பிறந்த குழந்தை, அஸ்திவாரம் தோண்டும்போது பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதுக்கு வந்துவிடும்.

ஆறு காத்திருக்குமா?

லைசென்சு கொடுக்கும் முன்பு ஆற்றைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார்கள். எவ்வளவு தண்ணீர் வரும்? மீன்களுக்குக் கெடுதல் வருமா? கரையில் வாழும் மக்களுக்கு என்ன ஆகும்? இவற்றைப் பார்த்துத்தான் நிபந்தனை போடுகிறார்கள்.

பதினாறு ஆண்டில் மழை மாறலாம். மீன் குறையலாம். கரையில் புதிய வீடுகள் வரலாம். பழைய கணக்கை வைத்துப் புதிய வேலையைத் தொடங்கலாமா?

ஒரு உதாரணம். கலிபோர்னியா, ஆரிகன் மாநிலங்களில் கிளாமத் என்ற ஆறு ஓடுகிறது. அதில் இருந்த நான்கு மின்சார அணைகள் இடிக்கப்பட்டன. 2024-ம் ஆண்டில் வேலை முடிந்தது. சில வாரங்களுக்குள் சால்மன் மீன்கள் பழைய அணைகளைத் தாண்டி மேலே நீந்திச் சென்றன! அந்த மீனை நம்பி வாழும் ஆதிக்குடிகள் பல ஆண்டு போராடியதன் பலன் இது. ஒரு காலத்தில் சரி என்று தோன்றிய அணை, இன்னொரு காலத்தில் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

எது நியாயம்?

சர்க்காரின் ஒரு கை லைசென்சு கொடுக்கிறது. இன்னொரு கை பைலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் ஏற்படும் தாமதத்துக்குக் கம்பெனியைத் தண்டிப்பது நியாயம் ஆகாது. அப்படிப்பட்ட இடத்தில் கெடுவை நீட்டத்தான் வேண்டும்.

ஆனால், கேட்டவருக்கெல்லாம் கேட்டபடி நீட்டக்கூடாது. நீட்டும் ஒவ்வொரு முறையும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

இதுவரை என்ன வேலை செய்தீர்கள்? தாமதம் யாரால்? ஆறு இன்றும் அன்றுபோல் இருக்கிறதா?

இந்த மூன்றுக்கும் நேரான பதில் சொல்கிறவருக்குக் கெடு கொடுக்கலாம். சொல்ல முடியாதவர், துண்டை எடுத்துக்கொண்டு இடத்தைக் காலி செய்ய வேண்டியதுதான்!