எல்லாப் பிள்ளைக்கும் காய்ச்சலா?



விடுப்புக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுக்கும்போதே ‘காய்ச்சல் காரணமாக’ என்ற வரியையும் பழக்கிவிடுகிறோம். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்ற பிள்ளையும், பருத்தி எடுக்கப் போன பிள்ளையும், மாதவிடாய் வலியில் படுத்த மாணவியும் அதையே எழுதுகிறார்கள். மாணவரின் வருகை குறித்து ஆசிரியர் பெற்றோரிடம் தவறாமல் பேச வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். எழுதிய காரணமே பொய்யென்றால் எதைப் பேசுவது? உண்மையை ஏற்றால் விடுப்பு பெருகும் என்று சில ஆசிரியர்கள் அஞ்சலாம். ஆனால் பொய்க் காரணம் எழுதினாலும் பிள்ளை எப்படியும் வரவில்லை. கண்டிப்பால் மாறுவது கடிதத்தின் வாசகம் மட்டுமே. உண்மையை எழுதினால் வீட்டு நிலைமை வகுப்பில் அம்பலமாகும் என்ற கவலை நியாயமானது. (கடிதத்தை உரக்கப் படிக்கும் வழக்கத்தை முதலில் விட வேண்டும்.) மாதிரிக் கடிதங்களில் காய்ச்சலை நீக்கி, காரணத்துக்கு வெற்றிடம் விடுமாறு பள்ளிக் கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

– ஒரு வாசகர், விருதுநகர்