வலிப்பு நின்ற பிறகும் மூளையில் நடப்பது என்ன?

தாம்பரம் ரயில் நிலைய நடைமேடையில் ஒருவருக்கு வலிப்பு வந்தால், கூட்டத்திலிருந்து பெரும்பாலும் எழும் குரல் இதுதான்: "சாவி குடுங்கப்பா, இரும்பு ஏதாவது கையில வைங்க!" சற்று நேரத்தில் வலிப்பு நின்றுவிடும். சாவிதான் நிறுத்தியது என்று நம்பிக் கூட்டம் கலையும். உண்மையில் பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடுபவை. நோயாளியின் சிரமம் மட்டும் அத்துடன் முடிவதில்லை.

ஓர் இடத்துக் கோளாறா?

மூளையின் நரம்பு செல்கள் மின்சமிக்ஞைகளால் பேசிக்கொள்கின்றன. பல செல்கள் ஒரே நேரத்தில் கட்டுப்பாடின்றித் தூண்டப்படுவதே வலிப்பு. மூளையின் ஏதோ ஒரு புள்ளியில் உள்ள பழுது என்றே இது நெடுங்காலம் பார்க்கப்பட்டது. ஆனால், வலிப்பு நோய்க்கான சர்வதேச மருத்துவ அமைப்பு 2010-ல் வெளியிட்ட வகைப்பாடு, வலிப்பு மூளையின் வலைப்பின்னல்களில் எழுகிறது என்று வரையறுத்தது.

கடற்கரை - தாம்பரம் மின்ரயில் தடத்தை நினைத்தால் இது புரியும். கிண்டியில் சிக்னல் கோளாறு என்றால், தண்டவாளம் நன்றாக இருக்கும் குரோம்பேட்டையிலும் பயணிகள் காத்து நிற்க வேண்டியிருக்கிறது.

ஸ்கேன் சொல்வது என்ன?

நோயாளி சும்மா படுத்திருக்கும்போதே, மூளையின் எந்தெந்தப் பகுதிகள் சேர்ந்து இயங்குகின்றன என்பதைச் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. காட்டும். காதுப் பக்கமுள்ள பொட்டு மடலில் வலிப்பு தொடங்குபவர்களிடம், வலிப்பு இல்லாத நேரத்திலும் சில இணைப்புகள் பலவீனமாகவும், சில வழக்கத்தைவிட வலுவாகவும் இருப்பதை ஆய்வுகள் கண்டுள்ளன. மாற்றம் அந்த மடலோடு நிற்பதில்லை. தொலைவில் உள்ள பகுதிகளிலும் தெரிகிறது. ஞாபகமறதி, கவனச்சிதறல், மனச்சோர்வு ஆகியவற்றுக்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. இந்த மாற்றம் வலிப்புக்குக் காரணமா, விளைவா என்ற விவாதம் தொடர்கிறது. மருந்துகளின் பங்கும் இதில் உண்டு.

இதற்காக யாரும் ஸ்கேன் சென்டருக்கு ஓட வேண்டியதில்லை. நோயைக் கண்டறிய வலிப்பு வந்த விவரம், ஈ.ஈ.ஜி., வழக்கமான எம்.ஆர்.ஐ. ஆகியவையே பெரும்பாலும் போதும். மருந்துக்குக் கட்டுப்படாத சிலருக்கு அறுவை சிகிச்சையைத் திட்டமிடும்போது செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. உதவுகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995 முதல் இத்தகைய அறுவை சிகிச்சைகள் நடக்கின்றன.

மாற வேண்டியது எது?

"மாத்திரைதான் போடுறியே, அப்புறம் எப்படி மறந்து போச்சு?" என்று வலிப்புள்ள மாணவரிடம் கேட்கும் வீடும் பள்ளியும் இதைத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அது சோம்பேறித்தனம் அல்ல. மறதியையும் மனச்சோர்வையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தானாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. சரியான சிகிச்சை கிடைத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்து திருமணச் சட்டத்தில் தடையாக இருந்த வலிப்பு நோய் 1999-லேயே நீக்கப்பட்டது. ஆனாலும், பெண் பார்க்க வரும்போது மாத்திரை டப்பாவை ஒளித்து வைக்கும் நிலை இன்னும் மாறவில்லை.

நடைமேடையில் வலிப்பு வந்தால் செய்ய வேண்டியது எளிது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கடியில் துணி வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். சாவி பையிலேயே இருக்கட்டும். நினைவு திரும்பும்வரை ஒருவராவது பக்கத்தில் இருங்கள்.