பூக்காத பதினோரு ஆண்டுகள்

குறிஞ்சியைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி, அது பூத்திருந்த காலத்தில் எழுதப்பட்டது. 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் கொடைக்கானல் சரிவுகள் நீலமாயின. நாளிதழ்களின் இணைப்புகள் நீலமாயின, கவியரங்குகளும் நீலமாயின. பூ உதிர்ந்ததும் எல்லாம் ஓய்ந்தன. அடுத்த பூப்பு 2030-இல். அதுவரை குறிஞ்சி என்றொரு செடி மலைமேல் உயிரோடு இருக்கிறது என்பதே பலருக்கு நினைவிராது. இந்த மறதியோடுதான் நமக்கு வழக்கு. ஏனெனில் குறிஞ்சி அழிவது பூக்கும் ஆண்டில் அன்று, பூக்காத பதினோரு ஆண்டுகளில்.

செடியின் இயல்பை அறிந்தால் இது விளங்கும். தாவரவியலார் ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா என்று அழைக்கும் நீலக்குறிஞ்சி, ஏறத்தாழ 1300 முதல் 2400 மீட்டர் உயரம் வரையுள்ள மலைப் புல்வெளிகளில் வளரும் புதர். பன்னிரண்டு ஆண்டுகள் வளர்ந்து, வாழ்நாளில் ஒரேயொருமுறை பூத்து, விதையைத் தந்துவிட்டு மடிவது. எட்டாம் ஆண்டில் வெட்டப்படும் மாமரம் சிலமுறையேனும் காய்த்திருக்கும். எட்டாம் ஆண்டில் வெட்டப்படும் குறிஞ்சியோ ஒரு விதையும் தராமல் போகிறது. 2018-இல் உதிர்ந்த விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள்தாம் 2030-இல் பூக்க வேண்டும். நடுவில் அவை நிழலால் மூடப்பட்டால் அந்தச் சரிவில் அடுத்த தலைமுறை இல்லை. பூக்காத காலத்தில் அது வெறும் பச்சைப் புதர். 'புதர் மண்டிய இடம்' என்று ஆவணத்தில் எழுதிவிட்டால் அதன் கதை முடிந்தது.

திண்டுக்கல்லில் நின்று மேற்கே நோக்கினால் பழனி மலைத்தொடர் தெரியும். இத்தகைய மலைமுடிகளை அறிவியலாளர் 'வான்தீவுகள்' என்கின்றனர். கடல் சூழ்ந்த தீவில் தனித்துவிட்ட உயிர்களைப் போலவே, வெப்பச் சமவெளி சூழ்ந்த குளிர்ந்த உச்சியிலும் உயிர்கள் தனித்து விடுகின்றன. அந்தத் தீவுக்குக் கடல், நாம் வாழும் இந்தத் திண்டுக்கல் சமவெளி. நம் ஊர் வெயிலைத் தாண்டி நீலக்குறிஞ்சி வேறு மலைக்குக் குடிபெயர முடியாது. இருக்கும் இடத்தில் வாழ்ந்தாக வேண்டும், அல்லது அழிந்தாக வேண்டும்.

அந்தத் தீவு சுருங்கிவிட்டது. பழனி மலையின் செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து 2018-இல் 'பிளாஸ் ஒன்' இதழில் வெளிவந்த ஆய்வு, நாற்பதாண்டுக் காலத்தில் அங்கிருந்த மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதென்று காட்டியது. அதை விழுங்கியவை இரண்டு: மரத்தோட்டங்கள், வேளாண்மை. கட்டடங்களையும் சுற்றுலாவையும் மட்டுமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிப் பழகியவர்கள் இந்த விடையைச் சற்று நின்று படிக்க வேண்டும். குறிஞ்சியின் நிலத்தைப் பெருமளவில் பறித்தவற்றுள் மரமும் ஒன்று. சீகை எனப்படும் வாட்டில், யூகலிப்டஸ், பைன் ஆகிய அயல் மரங்கள்.

அவை தாமாக அங்கு ஏறிவிடவில்லை. புல்வெளியைப் 'பயனற்ற வெற்று நிலம்' என்று வகைப்படுத்திய ஆங்கிலேயர் காலப் பார்வையை, விடுதலைக்குப் பின்வந்த நிர்வாகமும் அப்படியே ஏற்றது. தோல் பதனிடப் பட்டை வேண்டும், விஸ்கோஸ் இழைக்கு மரக்கூழ் வேண்டும் என்று மலைகளில் தோட்டங்கள் எழுந்தன. ஒரு காலத்தில் தென்னிந்தியத் தோல் தொழில் சமவெளிப் புதரான ஆவாரையின் பட்டையை நம்பியிருந்தது. அந்த இடத்தைச் சீகைப் பட்டை பிடித்தது. தோல் ஷாப்புகளுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல்லில் வாழும் நாம், மலையின் துயரம் மலைக்காரர்களுடையது என்று ஒதுங்குவதற்கில்லை. நகரின் குடிநீருக்கு நெடுங்காலம் துணைநின்ற ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்துக்கு நீர் வருவதும் பழனி மலைச் சரிவுகளிலிருந்தே.

இங்கேதான் 'மரம் நடுவோம்' என்னும் முழக்கத்தை எதிர்த்துப் பேச வேண்டியிருக்கிறது. சமவெளிச் சாலையோரத்தில் மரம் நடுவது அறம். மலைப் புல்வெளியில் மரம் நடுவது, அங்குள்ள உயிர்களை நிழலிட்டுக் கொல்வது. பசுமை எல்லாம் ஒன்றே என்று எண்ணும் மனம், எழுத்தெல்லாம் இலக்கியம் என்று எண்ணும் மனத்துக்கு உறவு. சோலையும் புல்வெளியும் அடுத்தடுத்துக் கிடப்பதே அம்மலையின் இலக்கணம்.

அப்படியானால் அயல் மரங்களை அடியோடு வெட்டித் தள்ளலாமா என்று சிலர் கேட்பர். அதுவும் கூடாது. சீகையின் விதை மண்ணுள் பல்லாண்டு உறங்கும். மரத்தை வெட்டி வெயில் படவிட்டால் ஒன்றுக்கு நூறாக முளைக்கும். பழைய தோட்டங்களின் நிழலிலோ பல இடங்களில் சோலை மரங்களின் கன்றுகள் எழுந்து வருகின்றன. ஆகவே முதல் வேலை, எஞ்சிய புல்வெளிகளின் விளிம்பில் புகும் சீகைக் கன்றுகளை ஆண்டுதோறும் பிடுங்குவது. விழா எடுக்க முடியாத, படம் பிடித்தால் அழகாக வராத வேலை. அதனாலேயே அதற்கு ஆள் கிடைப்பதில்லை.

இனி, குறிஞ்சியை வீட்டிலும் கல்லூரித் தோட்டத்திலும் வளர்த்துக் காப்பாற்றலாம் என்னும் இலக்கிய ஆர்வலர்களுக்கு. சமவெளியில் அது பிழைக்காது. பிழைத்தாலும் அது காப்பு ஆகாது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் நீலக்குறிஞ்சி வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது. காட்டிலிருந்து பறிப்பதும் பிடுங்குவதும் மட்டுமன்றி, உரிமமின்றி வளர்ப்பதும் குற்றம். 2024-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலிலும் அது இடம்பெற்றது, அழிவுக்கு ஆளாகக்கூடிய இனம் என்ற வரிசையில்.

ஒற்றைச் செடியைக் கொண்டு ஓர் இனத்தை மீட்ட வரலாறு உண்டு என்று சொல்வார்கள். உண்டு. இந்துமாக்கடலின் ரொட்ரிகஸ் தீவில் முற்றும் அழிந்துபோனதாகக் கருதப்பட்ட கஃபே மாரோன் என்னும் புதரை, 1980 வாக்கில் ஒரு பள்ளி மாணவன் கண்டெடுத்தான். உள்ளூர்ச் செடிகளைத் தேடிக் கொண்டுவரும்படி ஆசிரியர் சொல்லியிருந்தார். 1986-இல் அதன் கிளைத்துண்டுகள் இலண்டனின் கியூ தோட்டத்துக்குச் சென்றன. செடி வளர்ந்தது, பூத்தது, ஆனால் விதை தரவில்லை. 2003-இல்தான் அங்கே விதை கிடைத்தது. பெரும் சாதனைதான். ஆனால் கண்ணாடி வீட்டில் ஏறத்தாழ இருபதாண்டுப் பாடு, வெளியே ஒரு செடிதான் எஞ்சியிருந்ததன் விலை. குறிஞ்சிக்கு இன்னும் மலைச்சரிவுகள் எஞ்சியிருக்கின்றன. ஆயிரமாயிரமாய் ஒருங்கே பூத்து, தேனீக்களை அழைத்து, மண் நிறைய விதை உதிர்ப்பதே அதன் வாழ்முறை. அதைத் தொட்டியில் வைக்க இயலாது. அந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கண்ணாடி வீட்டை அன்று, பூவைக் கேட்காமல் செடியைத் தேடச் சொன்ன அந்த ஆசிரியரை.

தமிழ்த்துறைகளின் பொறுப்பு இங்கே தொடங்குகிறது. 'மலையும் மலை சார்ந்த இடமும்' என்று ஒரு வரியில் குறிஞ்சித் திணையை முடித்துவிட்டு, முதல், கரு, உரி என்று அட்டவணை போட்டு மதிப்பெண் வழங்குகிறோம். அட்டவணையில் இருக்கும் பூ எந்த மண்ணில், எவ்வளவு உயரத்தில், எதன் அருகில் வளர்கிறது என்று எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. குறுந்தொகையின் மூன்றாம் பாடலில் தேவகுலத்தார் பூவையும் அதன் தேனையும் மட்டும் சொல்லவில்லை, தண்டின் கருமையையும் சொல்கிறார். தண்டைப் பார்த்தவர் செடியைப் பார்த்தவர். பிற்காலத்தில் நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' வழியாக அப்பூ அரிய குணத்துக்கு உவமையாகி வீடுதோறும் நுழைந்தது. ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்' அதனினும் கடினமான வேலையைச் செய்தது. ஒரு பூப்புக்கும் மறு பூப்புக்கும் இடையில் நீலகிரிப் படகர் வாழ்வு எப்படி மாறிப்போகிறது என்று பார்த்தது. முன்னதற்கு வாய்த்த வாசகர் பின்னதற்கு வாய்க்கவில்லை. உவமை நமக்கு வேண்டியிருக்கிறது, இடைப்பட்ட ஆண்டுகள் வேண்டியிருக்கவில்லை.

இது வனத்துறையின் வேலை, இலக்கிய வாசகனுக்கு இதில் என்ன என்று கேட்போருக்கு நம் விடை எளியது. ஒரு நிலத்தின் பெயரால் இரண்டாயிரம் ஆண்டுப் பெருமை பேசுகிறவர்களுக்கு அந்த நிலத்தின்மீது கடனும் உண்டு. மாணவரை மலைக்கு அழைத்துச் செல்வதாயின் 2030-க்குக் காத்திருக்க வேண்டா. இவ்வாண்டே செல்க. பூவில்லாத அந்தப் புதரைக் காட்டி, இதுதான் குறிஞ்சி என்று சொல்க. புல்வெளியில் மரக்கன்று நட விழா எடுக்கும் அமைப்புகளுக்கு, வேண்டாம் என்று கையொப்பமிட்டு மடல் எழுதுக. சீகைக் கன்று பிடுங்கும் பணி எங்கேனும் அனுமதியோடு நடக்குமாயின், நாட்டு நலப்பணித் திட்ட முகாமை அங்கே வைக்க முயல்க. பூத்த பிறகு பாட ஆயிரம் பேர் வருவர். பூக்கும்வரை காவலிருக்கத்தான் ஆள் தேவை.