கொசுறு

பி.காம். படித்தவனிடம் போனஸ் என்ற வார்த்தையைச் சொல்லக்கூடாது. 1965ஆம் வருஷத்துச் சட்டம், குறைந்தபட்சம் 8.33 சதவிகிதம், அதிகபட்சம் 20 என்று ஆரம்பித்துவிடுவான். அக்கா பையன் தெரியாமல் சொல்லிவிட்டான்.

"மாமா, இந்த ஆல்பத்துல 13 பாட்டு. ரெண்டு போனஸ்!"

அமெரிக்காவின் 'ப்ளிங்க் 182' கோஷ்டி 2001 ஜூனில் வெளியிட்ட ஆல்பம். மார்க் ஹாப்பஸ், டாம் டெலாங், டிராவிஸ் பார்க்கர் என்று மூன்றே பேர். பாப்-பங்க் என்கிற ரகம். கிடார், டிரம்ஸ், மூன்று நிமிஷம் சொச்சத்தில் பாட்டு ஓவர். வந்த வாரமே பில்போர்டு பட்டியலில் முதலிடம். தலைப்பைத் தமிழ்ப்படுத்தினால் 'பேன்ட்டையும் ஜாக்கெட்டையும் கழற்று'. (அங்கே ஜாக்கெட் என்றால் கோட்டு. கற்பனையை ஓடவிடாதீர்கள்.)

13க்கு 2 என்றால் 15.38 சதவிகிதம். எந்த யூனியனும் கையெழுத்துப் போட்டுவிடும் என்று நினைத்தேன். அப்புறம்தான் கம்பெனியின் சாமர்த்தியம் புரிந்தது. முதலில் வந்த சி.டி.க்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று தினுசு. 13 பாட்டும் மூன்றிலும் அதேதான். போனஸ் மட்டும் வேறு வேறு. ஆறு போனஸையும் கேட்க வேண்டுமா? கையிலிருக்கும் 13 பாட்டையே இன்னும் இரண்டு தடவை காசு கொடுத்து வாங்க வேண்டும்!

எங்கள் தெரு காய்கறிக்காரம்மா கொத்துமல்லியைக் கொசுறாகப் போடுவார். "கறிவேப்பிலையும் வேணும்னா இன்னொரு கிலோ கத்தரிக்காய் வாங்கு" என்று ஒருநாளும் சொன்னதில்லை.

சரி, கொசுறில் என்னதான் இருக்கிறது? ஒவ்வொரு சி.டி.யிலும் ஒரு காதல் தோல்வி, ஒரு பச்சை ஆபாசம். ஆபாசத்தின் தலைப்புகளை இங்கே எழுதினால் ஆசிரியர் எனக்கு இல்லாத போனஸை வெட்டிவிடுவார். மஞ்சள் சி.டி.யின் 'வாட் வென்ட் ராங்' மட்டும் சத்தமில்லாத கிடாரோடு நன்றாகவே இருக்கிறது.

ஆனால் பையன் ஓயாமல் கேட்டது போனஸை இல்லை, ஏழாவது பாட்டை. முன்னால் ஆறு, பின்னால் ஆறு, சரியாக நடுவில் உட்கார்ந்திருக்கிறது, 'ஸ்டே டுகெதர் ஃபார் தி கிட்ஸ்'. பிள்ளைகளுக்காகச் சேர்ந்திருங்கள் என்று அர்த்தம். டெலாங்கின் அப்பா அம்மா விவாகரத்தில் பிறந்த பாட்டு. ஹாப்பஸ் அடங்கின குரலில் ஆரம்பிக்க, டெலாங் தொண்டை கிழியக் கத்துகிறார். கம்பெனி இதைக் கொசுறில் தள்ளாமல் நடுவில் வைத்ததற்காக மற்றதையெல்லாம் மன்னித்துவிட்டேன்.

பையன் மூன்று மாதமாக எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். அக்கா ஒரு ஊரில், அத்தான் ஒரு ஊரில், நடுவில் வக்கீல் நோட்டீஸ். கணக்குத் தெரிந்தவன் என்று பங்கு பிரிக்கும் பட்டியலை என்னைப் போடச் சொன்னார்கள். போன வாரமே போட்டுவிட்டேன். வீடு, நகை, பேங்க் டெபாசிட், ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் கோடு போட்டுக் கூட்டியாகிவிட்டது.

நேற்று ராத்திரி பக்கத்து அறையில் டெலாங் கத்திக்கொண்டிருக்கும்போது அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். ஸ்கூட்டருக்குக் கீழே, கடைசி வரியாக எழுதியிருந்தேன்: 'பையன்'.

கிழித்துப் போட்டேன். புதுத் தாளில் முதல் வரி எழுதியாகிவிட்டது. மற்றதெல்லாம் அப்புறம்.