அந்தச் சிவப்பு விளக்கு

வீட்டில் விளக்கு எரிந்தால் லட்சுமிகரம். மோட்டார் காரில் எரிகிற எல்லா விளக்கையும் அப்படிச் சொல்வதற்கில்லை, சகோதரிகளே!

எங்கள் கார் செகண்ட்ஹாண்டாக வாங்கியது. என் பெண் தாம்பரத்திலிருந்து கிண்டிக்குத் தினமும் அதில்தான் ஆபீஸ் போய் வருகிறாள். சென்ற மாதம் ஒரு நாள், மீட்டர்கள் இருக்கும் இடத்தில் சின்னச் சிவப்புப் படம் ஒன்று எரிந்தது. ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான்; அவன் எதிரே ஒரு பெரிய பந்து. சாவி போட்டதும் எரிந்து, சில வினாடிகளில் அணைய வேண்டிய விளக்கு அது. அன்று அணையவே இல்லை.

"வண்டிதான் ஓடுகிறதே, பிறகென்ன?" என்றார் என் கணவர். குக்கர் விசில் அடித்தால் சமையல் முடிந்தது என்று நினைக்கிற கட்சி அவர்!

அந்தப் பந்துதான் ஏர்பேக். ஸ்டியரிங்கின் நடுவே மடித்து வைத்திருக்கும் துணிப் பை. வண்டி பலமாக மோதினால், மின்சாரம் பாய்ந்து உள்ளே இருக்கும் மருந்து பற்றிக்கொள்ளும். அதிலிருந்து எழும் வாயு பையை ஊதிவிடும். ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. ஸீட் பெல்ட்டும் போட்டிருந்தால் தலையும் மார்பும் பெரும்பாலும் தப்பும். இந்த மின்சாரப் பாதை சரியாக இருக்கிறதா என்று வண்டிக்குள் ஒரு பெட்டி ஓயாமல் சோதித்துக்கொண்டே இருக்கிறது. தடங்கல் கண்டால் விளக்கைப் போடும். விளக்கு அணையாவிட்டால், மோதும் சமயத்தில் பை விரியும் என்று நம்ப முடியாது.

பேட்டை மெக்கானிக்கிடம் காட்டினோம். "இது ஒன்றுமில்லை, அம்மா. பைக்குப் போகிற ஒயரில் இரண்டு ஓம் ரெஸிஸ்டர் ஒன்றை வைத்துவிடுகிறேன். விளக்கு அணைந்துவிடும். செலவும் சொற்பம்" என்றார் அந்த இளைஞர்.

"விளக்கு அணையும். பை விரியுமா?" என்று கேட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். நாங்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டோம். "மலிவில் முடிகிற காரியத்தைக் கெடுத்துவிட்டாய்" என்று என் கணவருக்குக் கோபம்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எப்போதோ படித்த, இந்தப் பை பிறந்த கதை நினைவுக்கு வந்தது. 1952-ல் அமெரிக்காவில், பென்ஸில்வேனியாவில், ஜான் ஹெட்ரிக் என்பவர் மனைவியையும் சிறு பெண்ணையும் காரில் அழைத்துப் போனார். வழியில் ஒரு பாறை. சட்டென்று வண்டியை ஒடித்துப் பிரேக் போட்டார். அந்தக் கணத்தில், குழந்தை முன்னால் மோதிக்கொள்ளாதபடி அவரும் மனைவியும் தங்களை அறியாமல் கையைக் குறுக்கே நீட்டினார்கள். அந்தக் கைக்குப் பதிலாக வண்டியிலேயே ஏதாவது இருக்கக்கூடாதா என்று யோசித்து, 1953-ல் காற்றுப் பைக்குப் பேடன்ட் வாங்கினார். பஸ் குலுங்கினால் நாமெல்லாரும் செய்கிற காரியம்தானே அது!

மறுநாள் ஏர்பேக் வேலை தெரிந்த ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனைத் தேடிப் பிடித்தோம். வயதானவர். ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்தார். டிரைவர் பக்கத்து ஏர்பேக் ஸர்க்யூட்டில் ரெஸிஸ்டன்ஸ் அதிகம் என்று காட்டியது.

"கோளாறு எந்தத் தெருவில் என்றுதான் ஸ்கேனர் சொல்லும், அம்மா. எந்த வீட்டில் என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஹாரன் எப்படி அடிக்கிறது?" என்று கேட்டார்.

நான்தான் பதில் சொன்னேன். பெண் தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டேதான் திரும்புவாள். காலையில் இடப்பக்கம் திரும்பும்போது கேட்கும். மாலையில் வலப்பக்கம் திரும்பும்போது பத்து நாளாக மௌன விரதம்!

பெரியவர் சிரித்தார். "பாதி வேலை முடிந்தது."

ஸ்டியரிங்குக்கு அடியில் கிளாக் ஸ்பிரிங் என்று ஒன்று உண்டாம். பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி வைத்த நாடா ஒயர். ஸ்டியரிங் திரும்பத் திரும்ப அதுவும் சுருண்டு விரியும். எங்கள் வண்டியில் பைக்கும் ஹாரனுக்கும் அதன் வழியாகத்தான் மின்சாரம் போகிறது. வருஷக் கணக்கில் உழைத்தால் நாடாவும் இற்றுப்போகும் அல்லவா?

ஆனாலும் அவர் ஊகத்தை நம்பிச் சாமானை மாற்றவில்லை. பாட்டரியைக் கழற்றிவிட்டு, வண்டிக்கான புத்தகத்தில் சொன்ன நேரம் காத்திருந்தார். பாட்டரி இல்லாவிட்டாலும் பெட்டிக்குள் சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். பையைக் கழற்றி, மூடி மேலே பார்க்கும்படி தனியே வைத்தார். "பையில் மட்டும் மல்டிமீட்டரை வைக்கக் கூடாது. அந்தச் சிறு மின்சாரமே அதை வெடிக்க வைத்துவிடலாம்" என்றார்.

பை இருந்த இடத்தில் அவர் மாட்டியது என்ன தெரியுமா? அதே இரண்டு ஓம் ரெஸிஸ்டர்! பாட்டரியை இணைத்துப் பார்த்தார். கோளாறு அப்படியே இருந்தது. ஆக, பை குற்றவாளி அல்ல. மறுபடி பாட்டரியைக் கழற்றி, காத்திருந்து, கிளாக் ஸ்பிரிங்கை விலக்கிவிட்டுக் கீழே வரும் ஒயரிலேயே ரெஸிஸ்டரை மாட்டினார். கோளாறு மறைந்தது. கடைசியாக, கழற்றிய கிளாக் ஸ்பிரிங்கில் மட்டும் மீட்டரை வைத்து மெள்ளச் சுற்றினார். ஒரு பக்கம் சுற்றும்போது தொடர்பு அறுந்தது.

புதிய கிளாக் ஸ்பிரிங்கை நடு நிலையில் வைத்து, முன் சக்கரங்களை நேராக நிறுத்திப் பொருத்தினார். நடு தவறினால், ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது நாடா அறுந்துவிடுமாம். ரெஸிஸ்டர் அவர் பெட்டிக்குத் திரும்பியது. பை தன் இடத்துக்குத் திரும்பியது. சாவி போட்டதும் விளக்கு எரிந்து, தானே அணைந்தது.

உண்மையைக் கண்டுபிடிக்க அவருக்கு உதவிய அதே ரெஸிஸ்டர்தான், முதல் மெக்கானிக்கிடம் உண்மையை மறைக்க இருந்தது!

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களுக்கு டிரைவர் ஏர்பேக் கட்டாயம். உங்கள் வீட்டுக் காரிலும் இருக்கலாம். நாளைக் காலை சாவி போடும்போது கவனியுங்கள். விளக்கு அணையாவிட்டாலும் கோளாறு. எரியவே இல்லாவிட்டாலும் கோளாறு. யாராவது விளக்கையே பிடுங்கியிருக்கலாம். வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். நீங்களே ஸ்டியரிங்கைத் திறந்துவிடாதீர்கள்.

மறுநாள் மாலை வாசலில் நின்றேன். தெருமுனையில் ஹாரன் கணீரென்று கேட்டது. உள்ளேயிருந்து என் கணவர் குரல் கொடுத்தார்:

"பெண் வந்துவிட்டாள் போலிருக்கிறது, காபி போடு!"